ஊஞ்சல் இருந்த இடம்

கேள்வி: என் இளையவனுக்கு நான்கு வயது, பெருமூளை வாதம். கூடத்தில் ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அங்கேதான் அவனை நிற்கவைக்கும் ஸ்டாண்டிங் ஃப்ரேமை வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே அவனுடைய நாற்காலியும் பயிற்சிப் பந்தும். போன வாரம் தோழிகள் வந்தபோது எட்டு வயதாகும் என் மூத்த மகள் பாட்டி புடவையைப் போட்டு ஃப்ரேமை மூடிவிட்டு, "அது பழைய சாமான், தொடாதீங்க" என்றாளாம். ஆனால் யாரும் இல்லாதபோது அவளே ஏறி நின்று பெல்ட்டை மாட்டிக்கொள்கிறாள். திட்டினால் அழுகை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருவையாறு

பதில்: ஊஞ்சலைக் கழற்றிய அன்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா அம்மா? கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அங்கேயே மனது நின்றுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊஞ்சல் போனது சின்ன விஷயமே இல்லை. போன இடத்தில் வந்தது தம்பிக்கு மட்டுமான பொருள், அதைச் சுற்றித்தான் நீங்களும் பாட்டியும் தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளும் அதில் ஏறிப் பார்க்கத்தானே செய்வாள்?

திட்டாதீர்கள். ஒருநாள் நீங்களே அவளுக்கு நெஞ்சிலும் இடுப்பிலும் முட்டியிலும் பெல்ட் போட்டு, அவள் உயரத்துக்கு அது ஒத்துவந்தால் ஐந்து நிமிடம் நிற்கவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். எவ்வளவு இறுக்கம் என்று அவளே சொல்வாள். அப்போது சொல்லுங்கள்: தம்பிக்குத் தானாக நிற்க முடியாது, நிற்காத காலில் எலும்புக்கு வலு வராது, இடுப்பு மூட்டும் சரியாக அமையாது, அதற்குத்தான் இது. திருகுகளும் பெல்ட்டும் அவன் அளவுக்கு வைத்தவை, மாறினால் அவனுக்கு வலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அவளே காவல் காப்பாள். தனியாக மட்டும் ஏறவிடாதீர்கள், பெல்ட்டோடு சாய்ந்தால் ஆபத்து.

புடவை விஷயம் வேறு. தோழி "இது என்ன?" என்று கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இல்லை, அதனால் மூடினாள். "தம்பி நிக்கப் பழகுற ஃப்ரேம்" என்று ஒரு வரி சொல்லிக் கொடுங்கள். சொல்ல மனமில்லாத நாளில் மூடிக்கொள்ளட்டும், விடுங்கள். அப்புறம் இன்னொன்று, தம்பி இப்படி இருப்பதற்குத் தானே காரணமோ என்று சில பிள்ளைகள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பார்கள், கேட்கமாட்டார்கள். அவள் கேட்காவிட்டாலும் "உன்னால வந்ததில்லடா கண்ணு" என்று சொல்லிவிடுங்கள்.

"நீதான் பெரியவ, விட்டுக்கொடு" என்பதைப் பாட்டியும் நிறுத்தவேண்டும். தம்பிக்குப் பந்தை உருட்ட அவளாக வந்தால் சரி, அதை வேலையாக்கிவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரோ இயன்முறை மருத்துவரோ வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், அவளிடமும் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் மனதில் ஏறாதது அவர்கள் சொன்னால் ஏறும்.

ஊஞ்சலுக்கு வருவோம். ஃப்ரேமில் அவன் நிற்பது ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? மிஞ்சினால் ஒரு மணி நேரம் இருக்குமா? மற்ற நேரம் அது நடுக்கூடத்தில் எதற்கு, சக்கரம் இருந்தால் சுவரோரம் தள்ளிவிடலாமே. கொக்கி விட்டத்தில்தானே இருக்கிறது, பலகையை மாட்டிவிடுங்கள். அவன் நிற்கும் நேரத்தில் மட்டும் சங்கிலியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள், அந்தப் பொறுப்பை வேண்டுமானால் அவளிடமே கொடுங்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும் நாளாகப் பார்த்து ஒரு சாயங்காலம் அவளை மட்டும் புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் கூட்டிப்போங்கள், தம்பியை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். அங்கே அவன் பேச்சை நீங்களாக எடுக்கவேண்டாம். ஊஞ்சல் மாட்டியதும் எழுதுங்கள்.