பிரிவை மாற்றும் முன் இரண்டாம் படிவப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

அம்மா, வணக்கம்.

மலேசியப் பள்ளியில் நான்காம் படிவம் (பத்தாம் வகுப்பு போல) படிக்கும் மகளின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். மதிப்பெண் அட்டையில் தெரியாத விஷயமெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. மூன்றாவது டியூஷனும் போய்ப் பார்த்தாயிற்று, மாதம் 120 ரிங்கிட் கட்டியும் இருபடிச் சமன்பாடு (வர்க்கம் வரும் சமன்பாடு) ஏறவில்லை, அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். "கணக்கு வராத பிள்ளைக்கு சயின்ஸ் ஸ்ட்ரீம் எதுக்கு" என்று தோட்டத்தில் நாலு பேர் சொல்லியும் விட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபடிச் சமன்பாட்டுக்குப் பயந்து பிரிவு மாறினால் எந்தப் பயனும் இல்லை. நான்காம் படிவக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதுதான். கணிதம் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ முடிவில் வரும் பொதுத் தேர்வு, எழுதும் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். கலைப் பிரிவுக்குப் போனாலும், கணக்கியல் எடுத்தாலும், இதே அத்தியாயம் அங்கேயும் காத்திருக்கும். கூடுதல் கணிதத்தை, அதாவது பிள்ளைகள் 'எட் மேட்ஸ்' என்கிறார்களே, அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்த நான்கு பக்கங்கள். புத்தகத்தில் எக்ஸ் என்று இருப்பதை இங்கே 'க' என்றே எழுதுகிறேன். நீங்களும் கூட உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கும்.

முதல் பக்கத்தில் (க − 2)(க − 3) = 0 என்ற கணக்கு. உங்கள் மகள் 2, 3 என்று இரண்டு விடையும் சரியாக எழுதியிருக்கிறாள். இரண்டு எண்களைப் பெருக்கி பூஜ்யம் வந்தால் அவற்றில் ஒன்றாவது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. இருபடிச் சமன்பாட்டின் உயிர்நாடியே அதுதான். "இந்தப் பாடமே புரியவில்லை" என்று அவள் சொல்வதை நான் நம்பவில்லை.

இரண்டாம் பக்கத்தில் 3(க − 2) − (க − 4). அவள் எழுதிய விடை 2க − 10. சரியான விடை 2க − 2. அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் −4-ஐ +4 ஆக்க வேண்டும். அவள் அதைத் தொடாமல் விட்டுவிட்டாள். ஒரு தடவை என்றால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். அதே பக்கத்தில் மூன்று இடத்தில் அதே தவறு.

மூன்றாம் பக்கத்தில் க² = 5க. இரண்டு பக்கமும் 'க'-வை அடித்துவிட்டு க = 5 என்று முடித்துவிட்டாள். பூஜ்யமும் ஒரு விடை. 'க'-வால் வகுத்த நேரத்தில் அது காணாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று எழுதியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

நான்காம் பக்கத்தில் 2க² + 5க − 3 = 0. இது வெறுமையாகக் கிடக்கிறது. (2க − 1)(க + 3) என்று பிரிக்க வேண்டும். அதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு கையோடு வர வேண்டும், குறிகளும் பிசகக் கூடாது. இரண்டும் ஆட்டம் கண்டிருக்கும் பிள்ளை இங்கே பேனாவைக் கீழே வைத்துவிடும். சோம்பல் என்று திட்டாதீர்கள்.

ஆக, ஓட்டை நான்காம் படிவத்தில் இல்லை. அடைப்புக்குறியை விரிப்பதும் காரணிப்படுத்துவதும் (பெருக்கும் துண்டுகளாகப் பிரிப்பது) இரண்டாம் படிவத்து இரண்டாம் அத்தியாயம். எதிர்மறை எண்கள் முதலாம் படிவம். பின்னம் தமிழ்ப்பள்ளியிலேயே, அதாவது ஆரம்பப்பள்ளியிலேயே, முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தமிழ்ப்பள்ளியில் மேல் வகுப்புகளில் இருந்த 2020, 2021-இல் பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள், மழை பெய்தால் லைன் வராது. அதற்குப் பிறகு ஆரம்பப்பள்ளி முடிவில் இருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது, மூன்றாம் படிவத்து பி.டி.3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டது. தேர்வுகளை நீக்கியது சரியா தவறா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் எங்கே பலவீனம் என்று வெளியிலிருந்து யாரும் அடித்துச் சொல்லாமலே பிள்ளை நான்காம் படிவம் வரை வந்துவிட்டது. அவள் எழுதப்போகும் முதல் பொதுத் தேர்வே எஸ்.பி.எம்.தான்.

டியூஷன் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. மூன்று இடத்திலும் நான்காம் படிவப் பாடத்தைத்தான் மறுபடி நடத்தியிருக்கிறார்கள். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருத்திக்காக இரண்டாம் படிவத்துக்குத் திரும்பிப் போக எந்த ஆசிரியராலும் முடியாது. அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்கு மூன்று தடவை சாயம் பூசியது போலத்தான் ஆயிற்று. அந்த 120 ரிங்கிட்டை இரண்டு மாதம் நிறுத்தி வையுங்கள்.

இந்த வாரக் கடைசியில், கடிகாரம் வைக்காமல், கால்குலேட்டர் இல்லாமல் ஐந்து கணக்கு கொடுங்கள்: −3 − 5, (−3) × (−5), 3(க − 2) − (க − 4), (க + 3)², 6க² − 9க-வைக் காரணிப்படுத்து. விடைகள் −8, 15, 2க − 2, க² + 6க + 9, 3க(2க − 3). நான்காவது கணக்குக்குப் பாதிப் பிள்ளைகள் க² + 9 என்று எழுதும். உங்கள் மகளும் எழுதினால் பதற வேண்டாம். 'க'-வுக்கு 1 வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். (1 + 3)² என்றால் 16, 1 + 9 என்றால் 10. தப்பு என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, எண்ணே சொல்லிவிடும். ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்று வந்தால் போதும், பாதி கிணறு தாண்டியாயிற்று.

எதில் தவறு வருகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதல், இரண்டாம் படிவப் பாடப்புத்தகங்களைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்திருப்பாள். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் அவளுடைய பள்ளிக் கணக்கைக் கொண்டே மின்புத்தகமாகத் திறக்கலாம். தினமும் அரை மணி நேரம், எட்டு அல்லது பத்துக் கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். குறிகளும் அடைப்புக்குறியும் மூன்று வாரம். காரணிப்படுத்துதல் மூன்று வாரம். அதற்குப் பிறகுதான் இருபடி. வாய்ப்பாட்டை அவள் தமிழில் சொல்லட்டும், தமிழ்ப்பள்ளியில் படித்த வேகம் அதில்தான் வரும். தேர்வுத்தாள் எந்த மொழியில் இருந்தாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான்.

இருபடிக்கு வரும்போது உடனே சூத்திரத்தைத் தூக்க வேண்டாம். ஒரு கட்டக் காகிதம் எடுங்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி, க² + 10க = 39 என்ற கணக்கைப் படம் போட்டே தீர்த்தார். 'க' நீள அகலத்தில் ஒரு சதுரம் வரையுங்கள். 10க-வை இரண்டாகப் பிரித்து, 5 அகலத்தில் இரண்டு பட்டைகளாக வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று ஒட்டுங்கள். மூலையில் ஐந்துக்கு ஐந்து அளவில் ஓர் இடம் காலியாக இருக்கும். அதை நிரப்ப 25 வேண்டும். 39-உடன் 25 சேர்த்தால் 64, அதாவது எட்டுக்கு எட்டு. க + 5 என்பது 8, ஆகவே க = 3. பள்ளியில் 'வர்க்கத்தைப் பூர்த்தி செய்தல்' என்று நடத்துவது இதைத்தான். −13-உம் ஒரு விடை. நீளம் எதிர்மறையாக இருக்காது என்பதால் அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கத்தரிக்கோலும் காகிதமுமாக ஒரு தடவை செய்து பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மந்திரமாகத் தெரியாது.

கால்குலேட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் காசியோ 570 வகையில் எண்களைத் தட்டினால் இரண்டு விடையும் வந்துவிடும். விடையைச் சரிபார்க்க மட்டும் அது போதும். எஸ்.பி.எம். இரண்டாம் தாளில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு, வெறும் விடைக்கு அவ்வளவாகக் கிடைக்காது.

இனி அறிவியல் பிரிவு. மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்க ஆசை என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அந்த வேலையில் இருபடிச் சமன்பாட்டை அன்றாடம் யாரும் தீர்ப்பதில்லை. ஆனால் ஒரு கரைசலை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்று கணக்குப் போட வேண்டும். அதற்கு விகிதமும், சூத்திரத்தை மாற்றி எழுதுவதும் கட்டாயம் வேண்டும். நான்காம் படிவ வேதியியலில் மோல் கணக்கு வரும்போதும் அதே கதைதான். இயற்பியலில் இருபடியே நேராக வந்து நிற்கும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து எப்போது 15 மீட்டர் உயரத்தில் இருக்கும்? நேரத்தை 'க' என்றும் ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்றும் எடுத்தால் 20க − 5க² = 15, சுருக்கினால் க² − 4க + 3 = 0. முதல் விநாடியில் ஏறும்போது ஒரு தடவை, மூன்றாம் விநாடியில் இறங்கும்போது ஒரு தடவை. இரண்டு விடை ஏன் வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

கூடுதல் கணிதம் கனமான பாடம். பொறியியல் பக்கம் போக வேண்டும் என்றாலும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷனில் அறிவியல் எடுக்க வேண்டும் என்றாலும் அதை விடச் சொல்ல மாட்டேன். ஆய்வகம், தாதிமை போன்ற டிப்ளோமாக்களில் பெரும்பாலும் பார்ப்பது சாதாரணக் கணிதத்தையும் அறிவியல் பாடங்களையும். அரசு உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு. தளத்தில் அவளுக்குப் பிடித்த நான்கைந்து படிப்புகளைத் திறந்து, தகுதிப் பட்டியலில் 'மெத்தமத்திக்' (கணிதம்) என்று மட்டும் இருக்கிறதா, 'தம்பாஹான்' (கூடுதல்) என்பதும் சேர்ந்திருக்கிறதா என்று அவளையே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, டியூஷன் வாத்தியார் சொன்னது எதுவும் வேண்டாம். பாடத்தை விடுவதாக இருந்தால் ஐந்தாம் படிவத் தொடக்கத்தில் எஸ்.பி.எம். பதிவு நடக்கும் முன்பே முடிவாக வேண்டும். பள்ளி எந்தெந்தப் பாடத் தொகுப்புகளை நடத்துகிறது என்பதையும் பொறுத்தது.

நீங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தினம் பேருந்து போகிறது. அங்கே 1969-இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது, நாட்டின் முதல் பாலிடெக்னிக் அதுதான். கோப்பெங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. ஆறாம் படிவத்தையும் குறைவாக நினைக்காதீர்கள், அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று தவணைதான், செலவும் குறைவு. எந்த வழியில் போனாலும் கணிதத்தில் ஒரு கிரெடிட், அதாவது சி-யாவது, கையில் இருந்தால் திறக்கிற கதவுகள் அதிகம்.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போய்க் கணித ஆசிரியரைப் பாருங்கள். உங்கள் கணவருக்குத் தோட்டத்தில் வெட்டு வேலை முடிந்து வர முடியாவிட்டால் நீங்கள் மட்டும் போனாலும் போதும். "என் பிள்ளை எப்படிப் படிக்கிறாள்" என்று கேட்டால் "முயற்சி பத்தவில்லை" என்றுதான் பதில் வரும். அந்த ஐந்து கணக்கின் தாளையும் கையில் எடுத்துப் போங்கள். "இரண்டாம் படிவக் காரணிப்படுத்தலை வீட்டில் மறுபடி செய்கிறாள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் திருத்தித் தர முடியுமா" என்று கேளுங்கள். ஆலோசக ஆசிரியரிடம் கேட்க வேண்டியது தொகுப்பு மாற்றத்துக்குக் கடைசித் தேதி எது என்பது மட்டும். இரண்டு மாதம் கழித்து அதே ஐந்து கணக்கையும், 2க² + 5க − 3 = 0-வையும் மறுபடி போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். எட் மேட்ஸை வைத்துக்கொள்வதா என்பதை அப்போது பேசலாம்.