எந்த இ-ரீடர் வாங்கலாம்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: கையில் நல்ல போன் இருக்கிறது. மின்னூல் படிக்க மட்டும் தனியாக இ-ரீடர் என்று ஒரு கருவி எதற்கு?

தூங்கப் போகும்முன் கால் மணி நேரம் படிப்பவருக்குப் போனே போதும். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் படிப்பவருக்குத்தான் இ-ரீடரின் அருமை தெரியும். அதன் திரைக்கு இ-இங்க் என்று பெயர். அதற்குள் தலைமுடிப் பருமனில் குமிழ்கள், அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் அவற்றை இடம் மாற்றி எழுத்தாக்கும். நகர்ந்த துகள் அப்படியே நிற்கும் என்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் வரும். உச்சி வெயிலில் மொட்டை மாடியிலும் அச்சுப் போலத் தெரியும்.

கேள்வி: கிண்டிலா, கோபோவா?

தமிழ்ப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குபவர் என்றால் அமேசானின் கிண்டில்தான். 2016 டிசம்பரிலேயே தமிழ் அங்கே வந்துவிட்டது. ஒரு விஷயம்தான் எனக்கு மனசு ஆறவில்லை: வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்தவர் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டாமா?

அதற்குப் போட்டியான கோபோ, பொதுவான மின்னூல் வடிவமான இபப் (EPUB) கோப்பை நேரடியாகத் திறக்கும். டொராண்டோவில் இருப்பவர்கள் பொது நூலகப் புத்தகத்தைக் கருவியிலேயே இரவல் எடுக்கலாம். தமிழ்க் கோப்பை ஏற்றினால் மட்டும் கொம்பும் காலும் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பவை எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். 6 அங்குலத் திரையில் படிக்கலாமா?

நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஸ்கேன் என்பது போட்டோ. எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. நான் ஒரு பழைய இலக்கண நூலைத் திறந்து பார்த்தேன். விரலால் விரித்தால் பாதி வரிதான் திரையில் நிற்கிறது. மீதியைப் பார்க்க இழுத்தால் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கிறது, முந்தைய வரியின் நிழல் சாம்பலாகத் தங்குகிறது. பத்துப் பக்கத்தில் மூடிவிட்டேன்.

கருவியைப் படுக்கையாகத் திருப்பி ஓரங்களை வெட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். ஸ்கேன்தான் உங்கள் முக்கியப் படிப்பு என்றால் 10 அங்குலத் திரைக்குப் போங்கள். பூக்ஸ் (Boox) என்ற பிராண்டின் இ-ரீடர்கள் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் எந்தச் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். சார்ஜ் சீக்கிரம் இறங்கும், விலையும் கூடுதல். சங்க இலக்கியம் போன்றவற்றுக்கு ஸ்கேனே வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 முதல் அவற்றைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது, சின்னத் திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகள் அழகாக மடங்கும்.

கேள்வி: கலர் திரை?

படக்கதைக்குச் சரி. இப்போதைய பெரும்பாலான கருவிகளில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, கலருக்கு 150தான். பின்னணியும் கொஞ்சம் மங்கல். வெறும் எழுத்து படிப்பவருக்குத் தேவையில்லை.

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்கு வாங்கித் தரலாமா?

தாராளமாக. எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி நிறையத் தெரிய 7 அங்குலம் எடுங்கள். அதே நாளில் கெட்டியான உறையும் வாங்கிவிடுங்கள். பெரும்பாலான கருவிகளில் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. என் பையில் டிபன் பாக்ஸ் அழுத்தி அது உடைந்தபோது மேலே ஒரு கீறல் கூட இல்லை. பாதித் திரை மட்டும் கோடு கோடாக உறைந்து நின்றது.