ரக்பி லீக் வீரர்களின் சொந்த வாழ்க்கையை ஆஸ்திரேலிய ஊடகங்கள் இப்படித் துருவுவது நியாயமா? அவர்கள் நிஜமாகவே அவ்வளவு மோசமானவர்களா?

சிட்னிக்குப் படிக்க வந்த புதிதில் மூன்று வருடம் ஒரு பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்தேன். பரமட்டாவுக்கும் பென்ரித்துக்கும் நடுவே, கிரேட் வெஸ்டர்ன் ஹைவே ஓரமாக இருக்கும் பங்க். விடியற்காலை நாலு மணிக்குப் பேப்பர் கட்டு வந்து விழும். பிளாஸ்டிக் பட்டையை வெட்டி ஸ்டாண்டில் அடுக்குவது என் பொறுப்பு. இங்கே டெய்லி டெலிகிராப்பைக் கவிழ்த்துப் போட்டால் கடைசிப் பக்கம் விளையாட்டு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பேப்பரைப் பின்னாலிருந்துதான் படிப்பார்கள்.

எனக்கோ அப்போது ரக்பியில் யூனியன் எது, லீக் எது என்றுகூடத் தெரியாது. கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர்தான் பாடம் எடுத்தார். "தம்பி, லேசான கணக்கு. ஆள் பின்பக்கத்தில நிண்டா விளையாட்டு. முன்பக்கத்துக்கு வந்திட்டா வில்லங்கம்."

அண்ணை கேன்டர்பரி புல்டாக்ஸ் ரசிகர். அந்த அணிக்காரர்களுக்கு முன்பக்கம் ஒன்றும் புதிதல்ல என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

2018 செப்டம்பரில் ஒரு நாள் கட்டைப் பிரித்தால் புல்டாக்ஸ் விவகாரம். இங்கே ஒரு பழக்கம் உண்டு. ஓர் அணிக்கு சீசன் முடிந்ததும் வருகிற திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து குடித்துக் கூத்தடிப்பார்கள். 'மேட் மன்டே' என்று பெயர். அந்த வருடம் ஹார்பர் பிரிட்ஜை ஒட்டிய ஒரு பப்பில் கூடியிருக்கிறார்கள். சிலர் உடுப்பை அவிழ்த்துவிட்டார்கள். பேப்பரின் கேமரா எடுத்துவிட்டது. கிளப்புக்கு 2,50,000 டாலர் அபராதம்.

அண்ணை அதைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். "உதில என்ன செய்தி கிடக்கு? உடுப்பில்லாம ஆடியிருக்கிறாங்கள். வெக்கக்கேடுதான். எண்டாலும் உது பகிடிக் கேஸ்." பகிடி என்றால் யாழ்ப்பாணத்தில் வேடிக்கை. சொல்லிவிட்டு அடுக்கு முழுவதையும் கவிழ்த்து, பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தார். ஆறு மணிக்கு மேனேஜர் வந்து திருப்பி வைத்தார்.

நான் சும்மா இருக்காமல், "2004-ம் பகிடிக் கேஸா அண்ணை?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "அது பகிடி இல்லை, தம்பி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. துருவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பகிடிக் கேஸையும் பகிடி இல்லாத கேஸையும் ஒரே தடிமன் எழுத்தில் போடுகிறார்கள் பாருங்கள், அதில்தான் ஆட்சேபம்.

2004-ல் நடந்தது இது. சீசன் தொடங்கும் முன் புல்டாக்ஸ் அணி காஃப்ஸ் ஹார்பர் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தது. வீரர்கள் பலர் சேர்ந்து தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக ஒரு பெண் போலீசில் புகார் கொடுத்தார். இரண்டு மாதம் விசாரணை நடந்தது. கடைசியில் யார் மீதும் வழக்குப் பதியவில்லை. அந்த இரண்டு மாதமும் நாடே இதைத்தான் பேசியது. அதே வருடம் அக்டோபரில் புல்டாக்ஸ் ரூஸ்டர்ஸ் அணியை 16-13 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அவர்களுக்குக் கோப்பை இல்லை. அண்ணையின் சிக்கல் விளங்குகிறதா? தன் அணியின் மிகப் பெரிய சந்தோஷத்தை அவரால் அந்தப் பெண்ணை நினைக்காமல் சொல்ல முடியாது.

ஊடகம் அன்று சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிளப்புக்குள்ளேயே மூடியிருப்பார்கள், சந்தேகமில்லை. அந்தச் சூட்டில்தான் இந்த ரக்பி லீக் போட்டியை நடத்தும் என்.ஆர்.எல். நிர்வாகம் கேத்தரின் லம்பி என்ற பேராசிரியரை அழைத்து, வீரர்கள் பெண்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராயச் சொன்னது. பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்று வீரர்களுக்கு வகுப்பெடுக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

2009-ல் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' இன்னும் ஆழமாகத் தோண்டியது. 2002-ல் குரோனுல்லா ஷார்க்ஸ் அணி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போனபோது, ஹோட்டல் அறை ஒன்றில் 19 வயதுப் பெண்ணுக்கு நேர்ந்தது பற்றிய நிகழ்ச்சி. அன்றே போலீஸ் விசாரித்து, வழக்கில்லை என்று விட்டிருந்தது. ஏழு வருடம் கழித்து அந்தப் பெண்ணே கேமரா முன்னால் பேசினார். சட்டப்படி குற்றமா என்ற கேள்வியைத் தாண்டி, ஓர் ஆளை அறை முழுக்க ஆண்கள் இப்படி நடத்தலாமா என்ற கேள்வியை அந்த நிகழ்ச்சி கேட்டது. என்னைக் கேட்டால் ஊடகத்தின் வேலை அதுதான்.

ஆனால் அதிலும் ஒரு கோணல் உண்டு. அந்த அறையில் பலர் இருந்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த முகம் முன்னாள் வீரர் மேத்யூ ஜான்ஸுடையது, 2009-ல் அவர் சேனல் நைன் டிவியில் பிரபலம். பேச்சு மொத்தமும் அவர் தலையில் விழுந்தது. அவரை நிகழ்ச்சியிலிருந்து விலக்கினார்கள், அவரும் மன்னிப்புக் கேட்டார். பிரபலம் இல்லாதவர்கள் அநேகமாகத் தப்பித்தார்கள்.

பகிடி இல்லாத கேஸ்களுக்கு இன்று ஒரு விதி இருக்கிறது. 2018 கடைசியில் வரிசையாக வழக்குகள் வந்து மானம் கப்பலேறிய பிறகு, 2019 சீசனுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தார்கள். அதிகபட்ச தண்டனை 11 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்துக்கு ஒரு வீரர் மீது வழக்குப் பதிவானால், தீர்ப்பு வரும்வரை ஆட முடியாது. சம்பளம் வரும், பயிற்சிக்குப் போகலாம், மேட்ச் கிடையாது. முதலில் சிக்கியவர் டிராகன்ஸ் அணியின் ஜேக் டி பெலின். விதியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். வழக்கு இரண்டு முறை விசாரணைக்கு வந்தது. முதல் முறை ஜூரிக்குள் ஒருமித்த முடிவு இல்லை. இரண்டாம் முறை ஒரு குற்றச்சாட்டில் நிரபராதி என்றார்கள், மற்றவற்றில் மறுபடியும் முடிவு இல்லை. 2021-ல் அரசுத் தரப்பு மிச்சத்தைக் கைவிட்டது. இரண்டு சீசனுக்கு மேல் போயிருந்தது. இந்த விளையாட்டில் அது சின்ன இழப்பு இல்லை. இருந்தாலும் நான் இந்த விதியின் பக்கம்தான். வழக்கு நடக்கும்போது ஒவ்வொரு வாரமும் அந்த முகத்தை டிவியில் போட்டுக் கைதட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

சரி, பகிடிக் கேஸ்கள் ஏன் இந்த அளவுக்கு ஊதப்படுகின்றன? கணக்கைப் பாருங்கள். 17 அணிகள் உள்ள போட்டியில் 9 அணி சிட்னியையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவை. அணிக்கு 30 பேர் என்றால் 270 இளைஞர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், கையில் பணம், தெருவில் எல்லோருக்கும் முகம் தெரியும். மார்ச்சிலிருந்து அக்டோபர் ஆரம்பம் வரை மேட்ச். அதன் பிறகு ஐந்து மாதம் பின்பக்கத்தை நிரப்ப ஒன்றும் இல்லை, நிருபர்களின் சம்பளம் மட்டும் ஓடும். வீரர்களுக்கும் அதுதான் விடுமுறை. வம்பு அந்த மாதங்களில்தான் விளைகிறது, அல்லது விளைவிக்கப்படுகிறது.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்த ஒன்று, இந்தப் பேப்பர்களும் டிவிக்களும் யாருடையவை என்பது. 2018 முதல் 2022 வரை ஒளிபரப்பு உரிமை சுமார் 180 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர்களில் சேனல் நைன் உண்டு. சிட்னி மார்னிங் ஹெரால்ட் பேப்பரும் இப்போது அந்த நிறுவனத்தின் கையில். டெலிகிராப்பை நடத்தும் நியூஸ் கார்ப், 1998 முதல் 2012 வரை இந்தப் போட்டியிலேயே பாதிப் பங்கு வைத்திருந்தது. பந்தி பரிமாறியவரே வாசலில் நின்று சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் எப்படியோ அப்படி. மேட்ச் ஒரு சரக்கு, வம்பு இன்னொரு சரக்கு, கடை ஒன்றுதான்.

வீரர்களை ராத்திரிக்கு ராத்திரி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட 'என்.ஆர்.எல். 360' நிகழ்ச்சியின் பால் கென்ட், 2024-ல் ரோசெல் பகுதியில் தெருச்சண்டையில் மாட்டினார். காட்சி ஃபோன்களில் பரவியது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், டிவி வேலையும் போனது. எனக்கு இதில் குரூர சந்தோஷம் எதுவும் இல்லை என்று எழுதத்தான் ஆசை.

ஃபோன் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போது வேவு பார்ப்பவர் நிருபர்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து குடித்தவர்தான். 2016 ஜனவரியில் ரூஸ்டர்ஸ் வீரர் மிட்செல் பியர்ஸ் ஒரு வீட்டில் குடிபோதையில் நாயிடம் அசிங்கமாக நடித்ததை, அந்த அறையில் இருந்த ஒருவரே எடுத்தார். டிவிக்கு வந்தது. 8 மேட்ச் தடை, 1,25,000 டாலர் அபராதம். 2022-ல் நியூகாஸில் நைட்ஸ் கேப்டன் கேலின் போங்கா, சக வீரர் ஒருவரோடு ஒரே கழிவறையிலிருந்து வெளியே அனுப்பப்படும் காட்சி பரவியது. மகன் வீடு வாங்கிய சந்தோஷத்தில் இருந்தான், உடம்பு முடியவில்லை என்று அப்பா விளக்கம் கொடுத்தார். வீடு வாங்கியதைக் கழிவறைக்குள் போய்க் கொண்டாடுவார்களா என்று நாடே சிரித்தது. நானும்தான். அடுத்த வருடம் அதே போங்கா, ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை வாங்கினார்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நானே ஒரு பகிடிக் கேஸில் கொதித்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை. சிட்னி ஊரடங்கில் கிடக்கிறது. நான் இருந்த மேற்குப் பகுதியில் கெடுபிடி ஜாஸ்தி. அப்போது டிராகன்ஸ் வீரர் பால் வான் தன் வீட்டில் பார்பிக்யூ போட்டு, 12 சக வீரர்களைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டார்கள். ஒருவர் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார் என்றெல்லாம் செய்தி வந்தது. வானுக்கு 8 மேட்ச் தடை, 50,000 டாலர் அபராதம், கிளப் ஒப்பந்தத்தையே முறித்தது. ஒரு சாசேஜ் துண்டுக்கு இவ்வளவா என்று இன்று தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. என் மனைவியின் அப்பா ஊரில் இறந்து, கைபேசித் திரையில் காரியம் பார்த்த மாதம் அது. முன்பக்கத்தில் அந்தப் படத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அவசரத் தீர்ப்புக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2023 பிப்ரவரியில், நண்பர் ஜேக் வைட்டனின் 30-வது பிறந்தநாளுக்காக கான்பெராவுக்குப் போன லாட்ரெல் மிட்செல், நைட்கிளப் வாசலில் கைதானார். பூர்வகுடி வீரர், அந்தச் சமூகத்துக்காக வெளிப்படையாகப் பேசுகிறவர். தரையில் அவரை அமுக்கிப் பிடித்திருக்கும் படம் எங்கும் ஓடியது. அக்டோபரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது வீடியோவைப் போட்டுக் காட்டி வக்கீல் கேட்க, தான் சொன்னது உண்மையில்லை என்று போலீஸ் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மிட்செல், அவரோடு கைதாகியிருந்த வைட்டன் இருவர் மீதான வழக்கும் வாபஸ். அந்த வாரம் பெட்ரோல் போடப் பழைய பங்க்குக்குப் போனேன். அண்ணை சொன்னார்: "பிடிச்சதைக் கதைக்கப் பத்துப் பேர் வந்தவங்கள். விட்டதைக் கதைக்க ஒருத்தரும் வரேல்லை."

இரண்டாவது கேள்வி: நிஜமாகவே மோசமானவர்களா? 270 பேரையும் எனக்குத் தெரியாது. ஒருவரைத் தெரியும், அதுவும் பத்து நிமிடம். பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி இருக்கும். செருப்பும் அரைக்கால் சட்டையுமாகக் கடைக்குள் வந்தார். வார்மரிலிருந்து ஒரு மீட் பை, ஒரு சாக்லேட் மில்க். பின்னாலேயே இரண்டு பையன்கள், பதினெட்டு பத்தொன்பது வயது, ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி. அவர் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. கவுன்டருக்கு வந்து இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டார். போலீஸ் நிறுத்திய ஆள் ஸ்டியரிங்மேல் கையை வைப்பதுபோல. ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி, தக்காளி சாஸ் ஒன்று கேட்டார். சில்லறையை வாங்கி, தேங்க்ஸ் சொல்லி, கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திறந்து போனார். கால் தடுமாறவில்லை.

பையன்கள் ஃபோனைக் கீழே இறக்கினார்கள். "ஒண்ணுமே பண்ணலையே" என்றான் ஒருவன். அழித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.