சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்று விமானங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

ஓரிடத்தில் 2,920 என்றும் இன்னோரிடத்தில் 1,580 என்றும் தூரம் போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

மகன் இரவு 11 மணிக்குக் கிளம்பிக் காலை 5.50க்குச் சேருகிறான். திரும்பும்போது இரவு 8க்கு ஏறி 9.55க்கே சென்னை வந்துவிடுகிறான். போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

இல்லை ஐயா. போகும்போது 4 மணி 20 நிமிடம், வரும்போது 4 மணி 25 நிமிடம். டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்.

1981 வரை வித்தியாசம் இரண்டே மணி நேரம். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைக்க முடிவு செய்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. 1982 புத்தாண்டிலிருந்து சிங்கப்பூரும் அப்படியே மாற்றிக்கொண்டது. என் மைத்துனருக்கு இந்தக் கணக்கு இன்றும் பிடிபடவில்லை. என் அம்மாவை அழைத்துப்போக வந்தபோது, டிக்கெட்டில் இருந்த 5.50 என்பதை இந்திய நேரமாக எண்ணி, இரண்டரை மணி கூட்டி, 8.20க்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து நின்றார். அதுவரை அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கும்பகோணம். திருச்சி தெற்கே இருப்பதால் அங்கிருந்து தூரம் குறைவுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் திருச்சி சென்னையைவிட மேற்கிலும் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய 2,980 கி.மீ., அதாவது 60 கி.மீ. கூடுதல். வானத்தில் அது நாலைந்து நிமிடம். உங்கள் வீட்டிலிருந்து சென்னைக்குப் போகும் அலைச்சலை நினைத்தால் திருச்சியே மேல்.

மணிக்கு 830 கி.மீ. வேகம் என்றால் மூன்றரை மணியில் போய்விடலாமே?

அது முழு உயரத்தை எட்டிய பிறகு உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடைக்காது. மேலும் டிக்கெட்டில் உள்ள நேரம், நிற்குமிடத்தைவிட்டு விமானம் நகர்வது தொடங்கி, சேருமிடத்தில் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம்.

காற்றால் பயண நேரம் மாறுமா?

மாறும், ஆனால் இந்த வழித்தடத்தில் சில நிமிடங்கள்தான். டெல்லி – டோக்கியோ தடத்தில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். திரும்பும் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டுவிடும். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை கதை தலைகீழ். தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வேகக்காற்று ஓடும். இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம். அந்த மாதங்களில் சென்னை திரும்பும் விமானத்துக்கு அது நல்ல துணை.

என் தாத்தா கப்பலில் போனாராம். எத்தனை நாள்?

நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஏறக்குறைய ஒரு வாரம். கடைசியாக ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்தது. அதோடு அந்தச் சேவையும் போயிற்று. ஜன்னலோர இருக்கை கிடைத்தால், பகல் விமானத்தில், பாதி வழி கடந்ததும் கீழே பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் நிக்கோபார் தீவுகள் தெரியலாம்.