வடக்கு அங்கேயும் இருக்கிறது

அன்புள்ள ஐயா,

என் மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள். ‘படகு கிழக்கே 6 கிலோமீட்டர் போகிறது, பிறகு 030 டிகிரி பேரிங்கில் 5 கிலோமீட்டர் போகிறது, அளவுப்படி வரைந்து இடப்பெயர்ச்சியைக் கண்டுபிடி’ என்று வீட்டுப்பாடம். அவள் வரைந்து அளந்தால் 10.6 வருகிறது. விடையோ 9.5. கால்குலேட்டரில் இரண்டு நிமிடத்தில் முடிகிற கணக்குக்கு ஸ்கேலும் பென்சிலும் எதற்கு? டியூஷனில் சேர்க்கலாமா? இன்னொன்று. எவ்வளவு சுற்றினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியமாம். ஊரை விட்டு வந்த நம் வாழ்க்கையைத்தான் அது சொல்கிறதோ என்று தோன்றியது.

ச., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ச.,

கடைசியில் கேட்டதை முதலில் தள்ளிவைக்கிறேன். அந்த வேதாந்தம் வேண்டாம். தேக்கா சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வீடு திரும்பினாலும் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம்தான். பை காலியாகவா இருக்கிறது? புறப்பட்ட புள்ளியிலிருந்து போய்ச் சேர்ந்த புள்ளி நேர்கோட்டில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்? அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

10.6 வந்ததும் வரைவதையே நம்ப முடியாது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். அம்மா, பென்சில் மழுங்கியிருந்தால் 9.5 என்பது 9.4 ஆகும், 9.7 ஆகும். 10.6 ஆகாது. உங்கள் மகள் என்ன செய்தாள் என்று தாளைப் பார்க்காமலே சொல்கிறேன். பேரிங் என்றால் வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணுகிற கோணம். அவள் 6 சென்டிமீட்டர் கோடு போட்டாள். அதன் முனையில் கோணமானியை வைத்தாள். பூஜ்ஜியத்தை வடக்கே நிறுத்தாமல், வந்த கோட்டோடு சேர்த்துப் படுக்க வைத்து, அங்கிருந்து வலப்பக்கம் 30 டிகிரி திரும்பிவிட்டாள். வடகிழக்கே ஏற வேண்டிய படகு தென்கிழக்கே இறங்கிவிட்டது. அப்படியே வரைந்து பார்த்தேன். 10.6 வந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே தப்பை நான் காட்டில் செய்திருக்கிறேன். 1979, தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. லிம் சூ காங் பக்கம் இரவுப் பயிற்சி, ஐந்து பேர், வரைபடம் என் கையில். (ராணுவத்தில் டிகிரி கிடையாது, மில், ஒரு வட்டத்துக்கு 6400. உங்களுக்காக டிகிரியில் சொல்கிறேன்.) கிழக்கே 800 மீட்டர், அப்புறம் வடகிழக்கே 500 மீட்டர். 1:50,000 வரைபடத்தில் இது வெறும் 1.6 சென்டிமீட்டர், 1 சென்டிமீட்டர். கொசு மொய்க்கிற அவசரத்தில் இரண்டாவது கோணத்தை முதல் கோட்டிலிருந்து எண்ணினேன். வடகிழக்கு தென்கிழக்காகிவிட்டது. போக வேண்டிய இடத்துக்கு 700 மீட்டர் தள்ளி, முழங்கால் சேற்றில் நின்றோம்.

தேடி வந்த சார்ஜென்ட் மலாய்க்காரர். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வரைபடத்தை என் முதுகில் விரித்தார். நான் போட்ட முதல் கோட்டின் முனையில் மேல்நோக்கி ஒரு சின்னக் கோடு போட்டார். பென்சில் அழுந்தியது சட்டை வழியாகத் தெரிந்தது. டார்ச்சை எடுத்துவிட்டு, “சினி புன் உத்தாரா” என்றார். இங்கேயும் வடக்குதான். புறப்பட்ட இடத்தில் மட்டும் வடக்கு இருக்கிற மாதிரி நான் நடந்திருக்கிறேன். இத்தனைக்கும் வடக்குக் கோடுகள் வரைபடம் முழுக்க அச்சிட்டே இருந்தன.

உங்கள் மகளின் தாளில் அவை கிடையாது. அவள்தான் போட வேண்டும். திரும்புகிற ஒவ்வொரு புள்ளியிலும் போட வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும்! கோணமானியைத் தொடுவதற்கு முன்னால் போட வேண்டும்.

கால்குலேட்டர் என்கிறீர்கள். கொசைன் விதியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள கோணமாக 120 போட வேண்டிய இடத்தில், அவள் படத்தில் இருக்கிற 150 போட்டுப் பாருங்கள். 10.63 என்று முகம் மாறாமல் காட்டும், அதுவும் இரண்டு தசமத்தோடு. தாள் அப்படி மறைக்காது. 030 என்றால் வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே, வடக்கை ஒட்டி. கோடு மேலே ஏற வேண்டும். அவள் கோடு கீழே தொங்கியிருக்கும். பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாள். யாரும் பார்ப்பதில்லை, அளக்கத்தான் ஓடுகிறோம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா, இல்லை விடைப்பக்கத்தை மட்டும் புரட்டினீர்களா?

சரி. மறுபடி வரையட்டும். இந்தத் தடவை ஒரு கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர். விடைக்கோடு 19 சென்டிமீட்டர் வரும், ஏ4 தாளில் அடங்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டர் போவதற்குப் பதில் 50 மீட்டரோடு போகும். அளவை ஓரத்தில் எழுதட்டும். கடைசிக் கோட்டின் அம்பு புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். திசையையும் அளக்கச் சொல்லுங்கள், 063 வரும். வெறும் 9.5 என்று நிறுத்தினால் அது இடப்பெயர்ச்சியே இல்லை.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரைந்த தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அம்புக்குறி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.