லாஸ்னு ஒரு ப்ரொஃபசர்

கேள்வி: என் பையன் சட்டம் முடிச்சுட்டான். ஹைகோர்ட்ல நல்ல சீனியரா பாத்து சேருடான்னா, கம்பெனி சட்டம், செக்யூரிட்டீஸ் சட்டத்துல ஆராய்ச்சி பண்ணி ப்ரொஃபசர் ஆகப்போறேங்கிறான். இது லாஸ்தானே சார்?
- ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: லாஸேதான் சார், சந்தேகமே வேணாம். அந்தத் துறையில பெரிய தலையோட பேரே லாஸ். லூயிஸ் லாஸ், ஹார்வர்டு ப்ரொஃபசரா இருந்தவர். ஷேர்ல பணம் போட்டவனைக் காப்பாத்துற சட்டத்தைச் சொல்லிக்குடுத்த ஆளுக்கு பரம்பரைப் பேர் இது! நம்மூரா இருந்தா வீட்ல நியூமராலஜிக்காரர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாங்க, அவர் ஏற்கனவே இருக்கிற ரெண்டு எஸ் பத்தாதுன்னு இன்னொண்ணு சேர்த்து லாஸை இன்னும் நீட்டி விட்டிருப்பார். லேட்டா வர்ற பையன் க்ளாஸ் வாசல்ல நின்னு "லாஸ் வந்தாச்சா?"ன்னு கேட்டிருப்பான்ல, அதை நினைச்சு ராத்திரி படுத்துக்கிட்டு தனியா சிரிச்சேன், வீட்டம்மா லைட்டைப் போட்டுப் பாத்தாங்க.

ஆளோட கதையைக் கேளுங்க. 1937ல அமெரிக்க எஸ்.இ.சி.ல (ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) வக்கீலா சேர்றார். அது 1934ல ஆரம்பிச்சது, நம்ம செபி 1988ல பொறந்து 1992லதான் அதுக்குப் பல்லே முளைச்சுது. 15 வருஷம் அங்க குப்பை கொட்டிட்டு 1952ல ஹார்வர்டு. அப்புறம் 1969ல இருந்து கிட்டத்தட்ட 10 வருஷம் தலைமை தாங்கி, அங்கங்க சிதறிக் கிடந்த செக்யூரிட்டீஸ் சட்டத்தையெல்லாம் ஒரே சட்டமாக்கி எழுதிக் குடுத்தா, காங்கிரஸ் (அவங்க பார்லிமெண்ட் சார், சத்தியமூர்த்தி பவன் இல்ல) கடைசி வரைக்கும் நிறைவேத்தவே இல்ல. ஆனா போற போக்குல அவர் உண்டாக்கின ஒரு வார்த்தை இருக்கே, 'டிப்பி', அது அங்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் ஏறி உக்காந்துடுச்சு. கம்பெனிக்குள்ள நடக்கிற ரகசியத்தை ஒருத்தன் காதைக் கடிக்கிறான்ல, அந்தக் கடிபட்ட காதுக்குச் சொந்தக்காரன்தான் டிப்பி.

டிப்னதும் எனக்கு நாகேஸ்வரராவ் பார்க் ஞாபகம் வருது. அங்க வாக்கிங் வந்த ஒருத்தர் 'கண்ணை மூடிட்டு வாங்குங்க'ன்னார், நானும் மூடினேன். கண்ணைத் தொறக்கிறப்போ கம்பெனியையே மூடிட்டாங்க. அந்த ஷேர் சர்டிபிகேட் இன்னும் பீரோல பட்டுப்புடவைக்கு அடியில மடிப்புக் கலையாம இருக்கு. ஷேரை வாங்கின நம்ம மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சே 2015ல கடையைக் கட்டிடுச்சு, பேப்பர் மட்டும் கெட்டி.

கம்பெனி ரகசியத்தைத் தெரிஞ்சுக்கிட்டு ஷேர் வாங்கி விக்கிற இன்சைடர் டிரேடிங்னா இங்க அபராதமே குறைஞ்சது 10 லட்சம், 25 கோடி வரைக்கும் போகும், அடிச்ச லாபம் பெருசா இருந்தா அதுல மூணு மடங்கு. ஆனா உள்ள இருந்து கசிஞ்ச விஷயமா இருந்தாத்தான் அந்தக் குத்தம். நம்மாளு சொன்னது உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல, வாயில வந்தது.

பையன் படிக்கட்டும் சார். தீசிஸ் முடிச்சதும் ஒரு நாள் ஆபீஸ் பக்கம் வரச்சொல்லுங்க, நான் டிப்பியா வெறும் ஏமாளியான்னு அவன்கிட்ட எழுத்துல வாங்கணும். அந்த மனுஷன் இன்னும் தினம் வாக்கிங் வர்றார்.