பாட்டில் வருகிற தெரு எவ்வளவு நிஜம்? – வாசகர் கேள்வி பதில்

ராப் இசை வறுமையில் பிறந்தது என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் போதவில்லை. ராசி பலன் கேட்டிருந்த இருவர் மன்னிக்கவும், அது என் இலாகா அல்ல.

கே.எம்., ஈரோடு: என் மகன் ராத்திரி பகலாக அமெரிக்க ராப் கேட்கிறான். காது கொடுத்தால் துப்பாக்கி, போதை மருந்து, கெட்ட வார்த்தை. இதற்குப் பெயர்தான் வறுமையின் இசையா?

உங்கள் மகன் கேட்பதும் ராப்தான், நான் எழுதியதும் ராப்தான். ஆனால் அது ஆரம்பித்த இடத்தில் துப்பாக்கி இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடி. 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ரெக்கார்டு போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க். பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம் வந்தால்தான் கூட்டம் வெறிபிடித்து ஆடுகிறது என்பதைக் கவனித்து, அந்தத் துண்டை மட்டும் இரண்டு ரெக்கார்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போவது அவருடைய கண்டுபிடிப்பு. அதன் மேல் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசியதுதான் ராப் ஆயிற்று. முழுக்க முழுக்க ஆட்டம் பாட்டம், கொண்டாட்டம்.

வறுமை வெளியே இருந்தது. ராபர்ட் மோசஸ் என்ற சர்வ வல்லமை கொண்ட அதிகாரி பிராங்க்ஸின் குறுக்கே ஒரு விரைவுச் சாலையை வெட்டிக்கொண்டு போனதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குக் கிளம்பினார்கள், வழியில்லாத கறுப்பர்களும் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களும் மிஞ்சினார்கள், வங்கிகள் அந்தப் பக்கம் கடன் கொடுப்பதையே நிறுத்தின. வாடகையில் இனி லாபமில்லை என்று கண்ட சொந்தக்காரர்களில் பலர் ஆளை வைத்துக் கட்டடத்துக்குத் தீ வைத்து இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள், திவாலாகும் நிலையிலிருந்த மாநகராட்சியோ தீயணைப்பு நிலையங்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1970க்கும் 1980க்கும் நடுவில் பிராங்க்ஸின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களில், தீயாலோ கைவிடப்பட்டோ, நூற்றுக்கு 97க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இல்லாமல் போயின. அங்கிருந்தவர்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகள் முதலில் உண்டாக்கியது ஒரு நடனப் பாட்டு என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

வி.ஆர்., திருநெல்வேலி: அப்படியானால் ஏழ்மை எப்போது பாட்டுக்குள் வந்தது?

பளிச்சென்று தெரியும்படி வந்தது 1982இல். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் என்ற குழுவின் பெயரில் வந்த ‘தி மெசேஜ்’. பெயர்தான் குழுவுக்கு, பாட்டை முக்கியமாக எழுதியவர் எட் ஃப்ளெட்சர் என்ற ஸ்டுடியோ இசைக்காரர், கல்லூரியில் படித்தவர். குழுவினருக்கு அதைப் பாட விருப்பமே இல்லை. நாள் முழுக்கக் கஷ்டப்பட்டுவிட்டு ராத்திரி ஆட வருகிறவனிடம் அவன் கஷ்டத்தையே பாடினால் யார் கேட்பார்கள் என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதமும்கூட. ரெக்கார்டு கம்பெனி முதலாளி சில்வியா ராபின்சன் விடவில்லை. கடைசியில் குழுவிலிருந்து மெல்லி மெல் மட்டும் ஃப்ளெட்சருடன் சேர்ந்து பாடிக் கொடுத்தார்.

அதில் துப்பாக்கிப் பெருமை கிடையாது. தெருவெல்லாம் உடைந்த கண்ணாடி, மூத்திர நாற்றம் அடிக்கும் மாடிப்படி, முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான். கடன்காரன் வீட்டுக்கு போன் செய்து மனைவியை மிரட்டுகிறான், ஊரைவிட்டு ஓடலாம் என்றால் தவணை கட்டாத காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசிச் சரணத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது, தெருவில் தப்பு வழியில் பணம் பண்ணுகிறவர்களைப் பார்த்து வளர்கிறது, பள்ளிக்கூடத்தை விடுகிறது, வழிப்பறியில் மாட்டி எட்டு வருஷ தண்டனை பெறுகிறது, சிறை அறைக்குள் தூக்கில் தொங்குகிறது. அந்தச் சரணம் புதிதல்ல, மெல்லி மெல் 1979இலேயே வேறொரு பாட்டில் பாடிவிட்டதுதான். ஆனால் அங்கே அது கொண்டாட்டத்துக்கு நடுவே அமுங்கிப் போயிருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் முதல் பட்டியலை 2002இல் தயாரித்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே ராப் பாட்டு இது.

எஸ்.பி., சேலம்: பாடுகிறவர்கள் எல்லோரும் நிஜ ரவுடிகளா?

சிலர். ஜே-ஸீ, புரூக்ளின் மார்சி குடியிருப்பில் கிராக் (புகைக்கிற கொக்கைன்) விற்ற நாட்களைத் தானே சொல்லியிருக்கிறார். ஆனால் என்.டபிள்யூ.ஏ. என்ற குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ (1988) ஆல்பத்தின் பாதி ஆவேசத்தை எழுதிய ஐஸ் கியூப், அதற்குச் சற்று முன்பு அரிசோனாவில் கட்டட வரைபடம் போடக் கற்றுக்கொண்டிருந்த மாணவர். துபாக் ஷகூர் பால்டிமோரில் கலைப் பள்ளியில் நடிப்பு படித்தவர். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. தெருவில் போதை மருந்து விற்றது உண்மை, ஆனால் ‘ஜூசி’ பாட்டில் அவர் பாடுகிற ஒற்றை அறைக் குடிசையும் மத்தி மீன் சாப்பாடும் வேறு கதை. அவருடைய அம்மா பள்ளி ஆசிரியை, அவ்வளவு மோசமாக நாங்கள் இருந்ததே இல்லை என்று பின்னால் மறுத்தார்.

பொய் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பப்ளிக் எனிமி குழுவின் சக் டி, ராப் என்பது கறுப்பர்களின் சி.என்.என். என்ற பொருளில் சொன்னது ரொம்பப் பிரபலம், எல்லோரும் அதையே எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செய்தி வாசிப்பவர் ‘நான் சுட்டேன்’ என்று சொல்லமாட்டார். ராப்பில் வருகிற ‘நான்’ கூத்தில் வேஷம் கட்டியவர் பேசுகிற ‘நான்’; அதில் பாடுகிறவர் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரன் கொஞ்சம், செத்துப்போன நண்பன் கொஞ்சம். துபாக் 1991இல் பாடிய பிரெண்டா கதையைப் பாருங்கள், பன்னிரண்டு வயதுப் பெண் பெற்ற குழந்தையைக் குப்பையில் போட்ட செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு எழுதியது. அந்தப் பெண்ணின் வயிறு பெரிதாவது வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை என்று பாடுகிறார். நாலு ஆராய்ச்சிக் கட்டுரை சொல்ல வேண்டியது அந்த ஒரு இடத்தில் வந்துவிடுகிறது.

ஜெ.எல்., நாகர்கோவில் (ஓய்வுபெற்ற காவலர்): போலீஸ் மேல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு? போலீஸ்காரனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. போலீஸைத் திட்டும் பிரபலமான பாட்டு வந்த ஊரைக் கொஞ்சம் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே உள்ள காம்ப்டன் ஒரு காலத்தில் வெள்ளையர் ஊர், பிற்காலத்தில் ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ் குடும்பம்கூட 1949இல் கொஞ்ச நாள் அங்கே குடியிருந்தது. அப்புறம் கறுப்பர்கள் வந்தார்கள், பக்கத்து ஊர் தொழிற்சாலைகளை நம்பி. சவுத் கேட்டிலிருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இலும் மூடப்பட்டன. வேலை போன இடத்துக்குக் கிராக் வந்து சேர்ந்தது.

1986இல் வந்த சட்டத்தில் விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தாலும் 500 கிராம் கொக்கைன் பொடி வைத்திருந்தாலும் ஒரே தண்டனை, குறைந்தது ஐந்து வருஷம். இரண்டும் ஒரே சரக்கு. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 2010இல்தான் அந்த 100க்கு 1 விகிதத்தை 18க்கு 1 என்று குறைத்தார்கள், அப்போதும் சமமாக்கவில்லை. இன்னொரு பக்கம், லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் 1985இல் கவச வண்டியின் முன்னால் இரும்பு உலக்கை பொருத்தி, சந்தேகப்பட்ட வீடுகளின் சுவரையே இடிக்க ஆரம்பித்தது. முதல் சோதனையில் உள்ளே அகப்பட்டவர்கள் பெண்களும் குழந்தைகளும். டாடி டீ என்ற காம்ப்டன் இளைஞர் அந்த வண்டியைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டினார், கேசட்டாகத் தெருவில் பரவியது.

என்.டபிள்யூ.ஏ. குழு போலீஸைத் திட்டிப் பாடியதும் 1989இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அதைவிடப் பெரிய விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது. 1991இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸார் சூழ்ந்து அடித்த வீடியோவை உலகமே பார்த்தது, மறு வருஷம் ஏப்ரலில் எந்தப் போலீஸ்காரருக்கும் தண்டனை இல்லாமல் தீர்ப்பு வந்தபோது ஊர் எரிந்தது, அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். போலீஸ்காரரைக் கொல்லுவேன் என்று பாடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கோபம் பாட்டுக்காக ஜோடித்தது அல்ல, அவ்வளவுதான்.

டி.எஸ்., சிவகாசி: கறுப்பர்களின் வறுமையை விற்றுக் காசு பார்த்தது யார்?

இதைக் கேட்க ஒருவராவது இருக்கிறாரே! அமெரிக்காவில் 1991 மே மாதம் வரை எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்பதைக் கடைக்காரர்களுக்கு போன் செய்து கேட்டுத்தான் பட்டியல் போட்டார்கள். அப்புறம் பில்லில் பதிவாகிற பார்கோடை வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.வின் புது ஆல்பம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வாங்கியது காம்ப்டன் மட்டுமாக இருக்க முடியாது. புறநகர் கடைகளில் வெள்ளைக்கார வீட்டுப் பையன்கள் கூட்டமாக வாங்கிக்கொண்டிருந்தது கம்பெனிகளுக்கு அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது. பயங்கரமான தெரு விற்கும் என்று தெரிந்த பிறகு, சாதாரணத் தெருவைப் பாட வருகிறவருக்கு யார் பணம் போடுவார்கள்? ரேஷன் கூப்பனுக்கு வரிசையில் நிற்கிற அம்மாவும், இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கப் போகிற அத்தையும் அதே தெருவில்தான் இருந்தார்கள். பாட்டில் அவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

எதிர்ப்பு கறுப்பர்களுக்குள்ளிருந்தே வந்தது. 1993இல் ஹார்லெம் பாதிரியார் கால்வின் பட்ஸ், ஆபாச ராப் கேசட்டுகளையும் சிடிக்களையும் ரோடு ரோலர் விட்டு நசுக்கப்போவதாக அறிவித்தார். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன சி. டெலோரஸ் டக்கர் அம்மையார், பெண்களை இவ்வளவு கேவலமாகப் பாடுகிறவர்களை எதிர்த்து ரெக்கார்டு கம்பெனிகளோடு கடைசிவரை மல்லுக்கட்டினார். அவரைப் பாட்டிலேயே திட்டித் தீர்த்தார்கள். இந்த விஷயத்தில் நான் அந்த அம்மா பக்கம். பசியும் போலீஸ் அடியும் பலதை விளக்கும், பெண்ணைக் கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிடுவதை விளக்காது. க்வீன் லத்தீஃபா என்ற பெண் ராப்பர் அதே 1993இல் பதில் பாட்டுக் கொடுத்தார், தெருவில் தன்னைத் தொட்டவனுக்கு விழுந்த குத்தோடு சேர்த்து. கிராமி விருதும் வந்தது.

ஆர்.என்., காரைக்குடி (வழக்கறிஞர்): பாட்டு வரிகளை வைத்தே கோர்ட்டில் தண்டனை கேட்கிறார்களாமே?

ஆமாம். அட்லாண்டாவின் ராப் பாடகர் யங் தக், ரவுடிக் கும்பல் (கேங்) நடத்துகிறார் என்று 2022இல் வழக்குப் போட்டார்கள். சில பாட்டு வரிகளை நிபந்தனையோடு சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். ஜார்ஜியா மாநில வரலாற்றிலேயே நீளமான விசாரணை அது. கடைசியில் 2024 அக்டோபரில் அவர் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பின் பேரில் வெளியே வந்தார். கலிஃபோர்னியா 2022இலேயே இப்படி வரிகளைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு வைத்து ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. சேலத்து வாசகருக்குச் சொன்ன அந்த ‘நான்’ யார் என்ற கேள்விதான் இங்கே வக்கீல் கட்டணத்தோடு வருகிறது.

பி.எம்., தஞ்சாவூர்: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

நாஸின் ‘இல்மாட்டிக்’ (1994). அமெரிக்காவின் மிகப் பெரிய ஹவுசிங் போர்டு குடியிருப்பான க்வீன்ஸ்பிரிட்ஜில் வளர்ந்த இருபது வயதுப் பையன் பாடியது. அதில் ஒரு பாட்டின் பெரும்பகுதி சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதுகிற கடிதம், உன் பிள்ளை உன்னை மாதிரியே இருக்கிறான் என்று ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டே போகும். அப்புறம் கென்ட்ரிக் லாமர் 2012இல் போட்ட ஆல்பம். காம்ப்டனில் கேங்கில் சேராத பையனுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதுதான் கதை. அவருக்கே 2018இல் வேறொரு ஆல்பத்துக்காக புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், இல்லாவிட்டால் எனக்கும் பாதி புரியாது. கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பும் கிடைக்கிறது, ஆனால் அதில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை காணாமல் போய், பாட்டு விக்கிக்கொண்டே ஓடும்.